சுவரில் ஒரு நெட்டைத் தலை

எங்கள் வீட்டுக்காரருக்கு இரண்டு பெண்டாட்டி. ஒருத்தி நான். இன்னொருத்தி கூடத்துச் சுவர். இருவரில் யாருக்கு மவுசு அதிகம் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், எனக்குக் கோபம் வரும்.

அவர் ஒரு பெரிய பெயின்ட் கடையில் கலர் கலக்குகிறவர். மற்றவர்கள் அட்டையில் எண்ணைப் பார்த்து மெஷினைத் தட்டிவிட்டுப் போவார்கள். இவர் கண்ணை இடுக்கி, குச்சியால் தொட்டு, காகிதத்தில் தீற்றி, வாசல் வெயிலில் கொண்டுபோய்க் காட்டி, "இன்னும் ஒரு சொட்டு கறுப்பு" என்பார். வருகிறவர்களிடமெல்லாம் ஒரு அறிவுரையும் உண்டு. "கூடத்துக்கு அடர்த்தியான கலர் வேணாம் சார், அதுலயும் மேட் வேணவே வேணாம். கை பட்டா தெரியும், துடைச்சா அதைவிட நல்லாத் தெரியும்."

ஊருக்கெல்லாம் இப்படிச் சொல்கிற மனிதர் சொந்த வீட்டுக் கூடத்துக்கு என்ன அடித்தார் என்கிறீர்கள்? நீலமும் கறுப்பும் சேர்த்து, அதில் ஒரு துளிப் பச்சை விட்டு, பளபளப்பு என்பதே இல்லாத மேட். அந்தக் கலருக்கு எண் கிடையாது, எந்த அட்டையிலும் கிடையாது. "இது உலகத்துல நம்ம வீட்ல மட்டும்தான் இருக்கு" என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. விளக்கைப் போட்டால் சுவர் பின்னால் நகர்ந்துபோய்க் கூடம் பெரிதானது போலிருக்கும்.

ஆனால் அன்றைக்குப் பிடித்தது சனியன். வீட்டில் இருப்பதே மூன்று பேர்: அவர், நான், அவருடைய தங்கை. மூன்று பேரும் கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு நடக்க வேண்டியதாயிற்று. சுவிட்சை விரல் நுனியால் தட்ட வேண்டும். செருப்பு மாட்டும்போது தடுமாறினால் விழலாம், சுவரைப் பிடிக்கக் கூடாது. சோபா சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்க வேண்டும். அதுவோ நாங்கள் உட்கார உட்காரப் பின்னால் ஊர்ந்துகொண்டே போகும். ஞாயிற்றுக்கிழமை காலையில் இவர் சுவருக்குப் பக்கவாட்டில் நின்று டார்ச் அடித்துப் பார்ப்பார், டாக்டர் தொண்டையைப் பார்க்கிற மாதிரி. எங்காவது விரல் ரேகை தெரிந்தால் போச்சு. சோப்பு நுரை கலந்த வெதுவெதுப்பான தண்ணீர், அதில் நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணி, ஒத்தி ஒத்தி எடுப்பார். தேய்க்கவே மாட்டார். எனக்குத் தலைவலி என்றால்கூட அவ்வளவு பதமாக நெற்றியைத் தொட்டதில்லை.

நான் தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஒரு நாள் கடையில் கரண்ட் போய்விட்டது. சரி, வீட்டில் உட்கார்ந்து பொத்தானாவது தைக்கலாம் என்று வந்தேன். இவர் கடைக்குப் போயிருந்தார். நாத்தனார் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள், அவளும் இல்லை. ஜன்னல் வெயில் சாய்வாகச் சுவரில் விழுந்திருந்தது. சோபாவில் உட்காரப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

சுவரில், சோபாவுக்கு நேர் மேலே, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு வட்டம். எண்ணெய்ப் பிசுக்கு. சந்தேகமே வேண்டாம், அது ஒரு மனிதத் தலை.

எனக்கு உடனே மூக்கு வேர்த்துவிட்டது. சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தேன். என் தலை அந்த வட்டத்துக்கு எவ்வளவோ கீழே நின்றது. நாத்தனார் என்னைவிடக் குள்ளம். இவரோ... குள்ளம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார், என் தோளுக்குக் கொஞ்சம் மேலே வருவார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து சீட்டிலிருந்து வட்டம் வரை அளந்தேன். உட்கார்ந்த உயரமே இவ்வளவு என்றால் நின்றால் எவ்வளவு இருப்பான்! பேன்ட்டுக்கு மற்றவர்களைவிட அதிகத் துணி எடுக்க வேண்டும். ரெடிமேட் சட்டையில் அவனுக்குக் கைநீளம் கிடைக்கவே கிடைக்காது. போன ஞாயிறு டார்ச்சில் இது இல்லை, இந்த வாரம்தான் வந்திருக்கிறான்; அவசரமாக வந்து போனவன் தலை இப்படி அழுந்திப் பதியாது, இவன் மணிக்கணக்காக நிம்மதியாகச் சாய்ந்திருக்கிறான். முகம் தெரியாத அந்த ஆளுக்கு அங்கேயே பேர் வைத்தேன், நெட்டை.

சாயங்காலம் நாத்தனார் வந்ததும் கையைப் பிடித்து இழுத்து சோபா முன்னால் நிறுத்தினேன்.

"பாப்பா, இது யார் தலை?"

"எது அண்ணி?"

"நம்ம சுவருக்குத் தலை முளைச்சிருக்கு பாரு. அதைத்தான் கேக்கறேன்."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. "பூனையா இருக்கும் அண்ணி" என்றாள்.

"ஆமாம்டி. ஆறடிப் பூனை. தலைக்கு கிரீம் வேற தடவிக்குது."

சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் அழுதுவிட்டாள். வாயைப் பிடுங்கியதில் எல்லாம் வந்தது. ஆள் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். மூக்குக் கண்ணாடி வாங்க வந்த இடத்தில் பழக்கம். "வாரா வாரம் பிரேம் லூசாயிடுச்சுன்னு வந்து நிப்பார் அண்ணி. பிரேம்ல ஒரு கோளாறும் இல்லைன்னு எனக்கு அப்பவே தெரியும். ஆனாலும் கழட்டி மாட்டிக் குடுப்பேன்." வாரத்தில் இவளுக்கு விடுமுறை வருகிற நாளில் அவரும் வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போவாராம். கல்யாணம் செய்துகொள்ள இரண்டு பேருக்கும் சம்மதம். தங்களுக்குள் பேசி முடித்தும் ஆகிவிட்டது, அண்ணனிடம் சொல்வதுதான் பாக்கி.

"அப்புறம் என்ன? உன் அண்ணன்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"அவருக்கு ஏற்கெனவே ஒரு தடவை கல்யாணம் ஆகி முறிஞ்சுபோச்சு அண்ணி. அண்ணன் அன்னிக்குச் சொன்னாரே, ஞாபகம் இல்லையா?"

ஞாபகம் இருந்தது. யாரோ தெரிந்தவர் வீட்டுப் பெண், விவாகரத்தான ஒருவரைக் கட்டிக்கொண்டாள் என்று பேச்சு வந்தபோது இவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "பழைய பெயின்ட்டைச் சுரண்டாம மேலேயே அடிச்ச கதைதான். உரிஞ்சுதான் போகும்." தொழில் புத்தி, எதைப் பேசினாலும் பெயின்ட்டில் கொண்டுபோய் முடிப்பார். நான் அப்போதே மறந்துவிட்டேன். இவள் மனசுக்குள் முள்ளாக வைத்திருந்திருக்கிறாள்.

அப்பா அம்மா சீக்கிரம் போய்விட்ட வீடு அது. தலை பின்னிவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து அவளை வளர்த்தவர் இவர்தான். அவள் சொன்னாள்: "அண்ணன் வேணாம்னா வேணாம்தான் அண்ணி. அவரை அழ வெச்சுட்டு நான் கட்டிக்க மாட்டேன். அதான் கேக்கவே பயமா இருக்கு. கேட்டா ஒரு பதில் வந்துடும் இல்ல?"

அதைக் கேட்டதும் என் கோபமெல்லாம் கரைந்துவிட்டது. இந்தப் பெண் விரும்பினவனை அடைய வேண்டும், அது அண்ணன் வாயாலேயே நடக்கவும் வேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது. "நீயா வாய் திறந்து சொல்ற வரைக்கும் இது அவர் கண்ணுல படக் கூடாது. தள்ளு" என்று சேலையை இடுப்பில் செருகினேன்.

அங்கேதான் தப்புப் பண்ணினேன். இவர் வருவதற்குள் முடிக்க வேண்டுமென்ற அவசரத்தில், பாத்திரம் தேய்க்கிற பஞ்சின் சொரசொரப்புப் பக்கத்தால் தேய்த்துவிட்டேன். பிசுக்கு போனது. மேட்டும் போனது. தட்டு அகலத்து வட்டம் இப்போது புதுச் செருப்பு மாதிரி பளபளத்தது. "ஐயோ அண்ணி!" என்று நாத்தனார் கண்ணாடி துடைக்கிற ஸ்பிரேயைக் கொண்டுவந்து அடித்து, லென்ஸ் துணியால் சுற்றிச் சுற்றித் துடைத்தாள். வட்டத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் வந்தது. அதைப் போக்க நான், நான் செய்ததைப் போக்க அவள். கடைசியில் நெட்டையின் தலை ஒரு யானைத் தலை ஆகிவிட்டது.

வாசலில் இவர் செருப்புச் சத்தம். கோட்டு தைத்துப் பார்க்க வீட்டில் ஒரு பொம்மை வைத்திருந்தேன், கழுத்து வரை உள்ள ஆண் பொம்மை. பாதி தைத்த கோட்டோடு அதைத் தூக்கிவந்து சோபாவில் ஏற்றி, சுவருக்கு முன்னால் நிறுத்தினேன்.

"இது என்ன இங்க?" என்றார் இவர்.

"அவசர வேலைங்க. இங்கதான் வெளிச்சம் நல்லா இருக்கு."

"சுவர்ல படாம பாத்துக்கோ."

அதற்குப் பிறகு நாங்கள் அந்தத் தலையில்லாத ஆளோடுதான் டீ குடித்தோம், டிவி பார்த்தோம். இவர் ஒரு நாள் அவருக்கு வணக்கம்கூட வைத்தார். ஞாயிற்றுக்கிழமை டார்ச் எடுத்துக்கொண்டு வந்துவிடுவாரே என்று நாங்கள் இருவரும் தூங்காமல் புரண்டோம்.

துடைத்துப் பயனில்லை, பெயின்ட்தான் அடிக்க வேண்டும். எண் இல்லாத கலருக்கு எங்கே போவது? சுவிட்ச் பெட்டி மூடியைக் கழற்றி, அடியில் மறைந்திருந்த இடத்திலிருந்து நகம் அளவு பெயின்ட்டைப் பெயர்த்தெடுத்து ஒரு காகிதத்தில் மடித்தேன். செய்தவரே வந்து சரிசெய்யட்டும் என்று அதை நெட்டையிடம் கொடுத்தனுப்பினாள் நாத்தனார். "எங்க அண்ணன் கடைக்கு மட்டும் போயிடாதீங்க. வேற கடையில குடுத்து இதே மாதிரி கலந்து வாங்குங்க" என்று படித்துப் படித்துச் சொன்னாள்.

சனிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. நாத்தனார் ஸ்பீக்கரில் போட்டாள். குரல் உற்சாகமாக இருந்தது.

"கிடைச்சிடுச்சு! ரெண்டு கடையில மெஷின் அந்தக் கலரைக் கண்டுபிடிக்கவே இல்ல. இதைக் கையால கலக்குறவர் ஒருத்தர்தான் இருக்கார், அவர்கிட்ட போங்கன்னு அனுப்பிட்டாங்க. போய்ப் பாத்தா உங்க அண்ணன் கடை!"

"ஐயையோ!"

"பயப்படாதே. உங்க அண்ணன் முன்னாடி கல்லாவுல உக்காந்திருந்தார். பெரிய மீசை, எல்லாரையும் முறைச்சுட்டே இருந்தார். நீ புலின்னு சொன்னது சரிதான். நான் அவர் கண்ணுல படாம நழுவிப் பின்னாடி போயிட்டேன். அங்க கலர் கலக்குறது ஒரு சின்ன மனுஷர். கண்ணாடியை நெத்தியில ஏத்தி விட்டுட்டு... தங்கமான ஆளு!"

நாத்தனார் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். மீசைக்காரர் கடை முதலாளி.

"அந்தப் பெயின்ட்டைக் காட்டினதும் என்னையே பாத்தார். இது எங்க கிடைச்சதுன்னார். தெரிஞ்சவங்க வீட்டுச் சுவர்னேன். எப்படிப்பட்ட கறைன்னார். தலை சாஞ்ச கறை, துடைச்சுக் கெடுத்துட்டாங்கன்னேன். உடனே என்னைக் கீழேருந்து மேல வரைக்கும் நிமிந்து பாத்தாரு பாரு! அப்புறம் ஸ்டூல் போட்டு உக்கார வெச்சு டீ வாங்கிக் குடுத்தார்."

"நீங்க வேற ஒண்ணும் பேசலையே?" என்றாள் நாத்தனார்.

"அவரா கேட்டார், வீட்ல யாரு இருக்காங்கன்னு. மனசுல இருந்ததெல்லாம் கொட்டிட்டேன். முதல் கல்யாணம் முறிஞ்சது, அதுல என் தப்பு எவ்வளவுன்னு, இப்ப உன்னைக் கேக்க நினைக்கிறது, உங்க அண்ணனை நினைச்சா பயமா இருக்கிறது, எல்லாமே. அவ அண்ணனைப் பத்திப் பேச ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டா சார், சின்ன வயசுல அவர் தலை பின்னிவிட்டா ஒரு பக்கம் மேலயும் ஒரு பக்கம் கீழயும் இருக்குமாம், அவ அதோடயே பள்ளிக்கூடம் போவாளாம்னு சொன்னேன். அவர் கையில இருந்த குச்சி அப்படியே நின்னுடுச்சு. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். பாவம், பெயின்ட் நெடி கண்ணுக்கு ஒத்துக்கலை போல."

"அடப்பாவி மனுஷா" என்றேன் நான், என்னை அறியாமல்.

"யாரு, அண்ணியா? வணக்கம் அண்ணி! கடைசியா ஒண்ணு சொன்னார். துண்டாப் பூசாதீங்க, அந்த இடம் மட்டும் தனியாத் தெரியும், இந்தக் கலரை மூலைக்கு மூலை முழுச் சுவரா அடிச்சாத்தான் சேரும்னு. டப்பாவைக் கையில குடுத்து, அவசரப்படாதீங்கன்னும் சொன்னார்."

நாத்தனார் போனை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இவர் கோபப்பட்டுக் கத்தினால் நான் சமாளிப்பேன், திருப்பிக் கத்துவேன். வாயை மூடிக்கொண்டால்தான் எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது.

அன்றைக்குப் பார்த்து மனிதர் கப்சிப். வந்தார், கை கால் கழுவினார். சோபாவுக்குப் போய்ப் பொம்மையை இரண்டு கையாலும் தூக்கி, மெதுவாக ஒரு மூலையில் இறக்கி வைத்தார். சுவரைப் பார்த்தார். பளபளப்பு, வெள்ளை வளையம், பஞ்சு இழுத்த கோடு, எல்லாம் விளக்கு வெளிச்சத்தில் பல்லைக் காட்டின. நேரே சாப்பிட வந்து உட்கார்ந்தார்.

நான் நாத்தனாருக்குக் கண்ணைக் காட்டினேன், அவராகப் பேசட்டும், பொறு என்று. அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"அண்ணா, நான் ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்க ஆசைப்படறேன்" என்றாள். "அவருக்கு இது ரெண்டாவது. சுவர்ல இருந்தது அவர் தலைதான். உங்களுக்குப் பிடிக்கலைன்னா நான் விட்டுடறேன். ஆனா எனக்கு அவரைத்தான் பிடிச்சிருக்கு."

இவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சோற்றைப் பிசைந்த கை பிசைந்துகொண்டே இருந்தது.

"பழைய பெயின்ட்னு நான் சொன்னதை மனசுல வெச்சிருந்தியா?"

அவள் தலையை ஆட்டினாள்.

"வாய்க்கொழுப்பு. எவன் வீட்டுக் கல்யாணமோ, எனக்கென்ன தெரியும்? அதைப் போய்..." தண்ணீர் குடித்தார். "இன்னிக்கு ஒருத்தர் வந்தார் பாப்பா. நான் யாருன்னே தெரியாது அவருக்கு. தெரியாதவன்கிட்ட உக்காந்து எல்லாத்தையும் சொல்லிட்டுப் போறார். நீ என்கிட்ட சொல்லலையே. நான் அவ்வளவு பயமுறுத்தறவனா?"

"இல்லண்ணா..."

"கோணலாப் பின்னிவிட்டேனாமே. அதையும் யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? அப்பவே சொல்லியிருந்தா அவுத்துப் பின்னியிருப்பேன் இல்ல?"

"நீங்க வேலைக்குப் போற அவசரத்துல பின்னுவீங்க. சொன்னா வருத்தப்படுவீங்கன்னு..." அதற்கு மேல் அவளால் முடியவில்லை, ஓவென்று அழுதாள். அவர் எச்சில் கையோடு எழுந்து போய் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "சட்டையெல்லாம் சோறு, தோய்க்கிறது யாரு?" என்று ஒரு சத்தம் போட்டேன்.

"நாளைக்கு வரச் சொல்லு. நான் யாருன்னு மட்டும் சொல்லிடாதே" என்றார் இவர். "என்ன சொல்லப் போறீங்க?" என்று நான் கேட்டபோது அவர் கை கழுவப் போய்விட்டார்.

பதில் சொல்லாததில்தான் நாங்கள் இருவரும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை செத்துப் பிழைத்தோம். மணி அடித்ததும் இவரே போய்க் கதவைத் திறந்தார். வாசலில் நெட்டை, ஒரு கையில் பெயின்ட் டப்பா, ஒரு கையில் பிரஷ். நான் கணக்குப் போட்ட உயரம் கொஞ்சமும் பிசகவில்லை, சட்டைக் கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது.

"சார், நீங்க எங்க இங்க?" என்று சிரித்தவர், எனக்குப் பின்னால் நின்ற நாத்தனாரின் முகத்தைப் பார்த்தார். மறுபடி இவரைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே உறைந்தது. "அப்போ அந்த மீசைக்காரர்?"

"என் முதலாளி" என்றார் இவர். "உள்ள வாங்க."

பாவம், அந்த மனிதர் நிலைப்படியில் இடித்துக்கொள்ளாமல் குனிந்து வந்து, இவர் கை காட்டிய சோபாவில் நுனியில் உட்கார்ந்தார். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டார். முதுகு விறைப்பாக நின்றது, தலை சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. பின்னால் அந்தப் பாழாய்ப்போன வட்டம் ஜன்னல் வெயிலில் மின்னியது.

"சார், சுவரை நான் இன்னிக்கே மூலைக்கு மூலை அடிச்சுக் குடுத்துடறேன் சார். மன்னிச்சுக்கங்க" என்றார்.

இவர் குனிந்து அந்த டப்பாவை அவர் மடியிலிருந்து எடுத்தார். என்னிடம் நீட்டினார். "உள்ள வைம்மா. இது இப்போ வேணாம்." நாத்தனார் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், நகம் பதிந்தது.

பிறகு இவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு சொன்னார்:

"எதுக்கு இப்படி விறைச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க? நல்லா சாஞ்சு உக்காருங்க மாப்பிள்ளை. உங்க தலைக்கு அங்க ஏற்கெனவே இடம் இருக்கு."